ஜம்ப் ரேஞ்ச்: விண்வெளி விளையாட்டில் எவ்வளவு கூட்டினால் போதும்?

விண்வெளி விளையாட்டு ஒன்றில் புதிதாக நுழைந்தவர், கையில் சேர்ந்த முதல் பணத்தைக் கப்பலின் எந்தப் பாகத்தில் போடுவது என்று கேட்டால், நேரெதிரான இரண்டு பதில்கள் கிடைக்கும். முதல் வேலையாக ஜம்ப் ரேஞ்சை, அதாவது கப்பல் ஒரே தாவலில் எட்டும் தூரத்தை, கூட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார் ஒருவர். ரேஞ்ச் குறைவாக இருந்தால் கூடுதலாக நான்கு முறை தாவினால் ஆயிற்று, அதற்குப் போய்ப் பணத்தைக் கொட்டுவானேன் என்பார் மற்றவர். இருவரும் நெடுநாள் விளையாடியவர்களாகவே இருப்பார்கள். தாங்கள் கண்டதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒருவர் வெகுதொலைவு சுற்றித் திரிபவராகவும், மற்றவர் ஒரே வட்டாரத்தில் சண்டையிட்டுப் பிழைப்பவராகவும் இருக்கக்கூடும். ரேஞ்ச் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு வெவ்வேறு பொருள்களைத் திணித்துப் பேசும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

எந்த அளவு வரை ரேஞ்சைக் கூட்டுவது இன்றியமையாதது, எந்த அளவுக்கு மேல் அது வெறும் வசதி, எந்த இடத்தில் அது துளியும் உதவாது என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.

ஆற்றின் நடுவே கிடக்கும் கற்கள்

அகலமான ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாலம் இல்லை, படகும் இல்லை. நீருக்கு மேலே தலைகாட்டும் கற்களின்மீது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். அப்படிக் கடக்க முயலும் ஒருவரின் திறமையை எதைக் கொண்டு அளப்பது? ஒரே தாவலில் அவர் எவ்வளவு தூரம் எட்டுவார் என்பது ஒன்று. களைத்துப்போய் உட்காருவதற்குள் மொத்தம் எவ்வளவு தூரம் போவார் என்பது இன்னொன்று. ஒரு கல்லில் இறங்கியபின் அடுத்த தாவலுக்குத் தயாராக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்பது மூன்றாவது. மூச்சு வாங்காமல் நாள் முழுவதும் தாவக்கூடியவராக இருந்தாலும், அடுத்த கல் அவருடைய கால் எட்டும் தூரத்துக்கு அப்பால் கிடந்தால் அவர் நின்ற கல்லிலேயே நிற்க வேண்டியதுதான்.

விண்வெளி விளையாட்டுகளில் பல இந்த ஆற்றைப் போன்றவையே. விண்மீன்கள்தான் கற்கள், இரண்டு விண்மீன்களுக்கு நடுவே கப்பல் நின்று இளைப்பாற இடம் கிடையாது. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்கு, இடையிலுள்ள வெளியை ஒரேயடியாகக் கடந்து போய்ச் சேர்வதைத் தாவல் என்போம். அதைச் செய்யும் பொறி தாவல் இயக்கி. எலீட் டேஞ்சரஸ் விளையாட்டில் அதற்கு ஃபிரேம் ஷிஃப்ட் டிரைவ் என்று பெயர். ஸ்டார்ஃபீல்டில் கிராவ் டிரைவ். நோ மேன்ஸ் ஸ்கையில் ஹைப்பர்டிரைவ். பெயர் எதுவானாலும், ஒரே தாவலில் கடக்கக்கூடிய மிகுதியான தூரமே தாவல் தொலைவு, அதாவது விளையாடுவோர் சொல்லும் ஜம்ப் ரேஞ்ச். அதை அளக்கும் அலகு ஒளியாண்டு: ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம், ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

களைப்பதற்குள் போகும் மொத்தத் தூரத்துக்கு ஈடானது, தொட்டியிலுள்ள எரிபொருளைக் கொண்டு மறுபடி நிரப்பாமல் கப்பல் போகும் தூரம். இதைப் பயணத் தொலைவு என்று தனியே அழைப்போம். பலர் ரேஞ்ச் என்று சொல்லும்போது இதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள், குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. மூன்றாவதான வேகம், விண்மீன் ஒன்றை அடைந்தபின் அதன் கோள்களுக்கும் நிலையங்களுக்கும் இடையே பறப்பதைப் பற்றியது. தாவல் தொலைவைக் கூட்டினால் அந்தப் பறப்பும் விரைவாகிவிடும் என்று எண்ணிப் பணம் செலவழித்து ஏமாறுபவர்கள் நிறைய.

சுருக்கமாக: ஒரே தாவலின் நீளம் தாவல் தொலைவு. ஒரு தொட்டி எரிபொருளில் போகும் மொத்தத் தூரம் பயணத் தொலைவு. வேகம் இவ்விரண்டிலும் சேராதது.

சூரியனிலிருந்து புறப்பட்டுப் பார்ப்போம்

தாவல் தொலைவின் உண்மையான வேலையைப் புரிந்துகொள்ள, நமக்குத் தெரிந்த வானத்தையே எடுத்துக்கொள்ளலாம். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, தொலைவு 4.24 ஒளியாண்டு. அதன் உறவான ஆல்ஃபா சென்டாரி இணை 4.37 ஒளியாண்டில் இருக்கிறது. அடுத்தது பார்னார்டு விண்மீன், கிட்டத்தட்ட 6 ஒளியாண்டு. இரவு வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் சிரியஸ் 8.6 ஒளியாண்டில் உள்ளது.

இப்போது 3 ஒளியாண்டு தாவக்கூடிய கப்பலில் சூரியனிலிருந்து புறப்படுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போவதற்கு ஒரு விண்மீன்கூட இல்லை. செலவு செய்து அதை 4 ஆக்குகிறோம். மூன்றில் ஒரு பங்கு கூட்டியும் பலன் சுழிதான். இன்னமும் எங்கும் போக முடியாது. அதை நாலரை ஆக்கியதும் சட்டென்று ஒரு கதவு திறக்கிறது. நாலரையிலிருந்து ஐந்தே முக்காலுக்கு உயர்த்தினால் சூரியனிலிருந்து புதிதாகப் பார்னார்டு விண்மீனுக்குப் போக முடியுமா? முடியாது. ஆறு ஆக்கினால் முடியும். தாவல் தொலைவு தரும் பலன் சாய்வுத்தளம் போலச் சீராக ஏறுவதில்லை; படிக்கட்டைப் போல, சில இடங்களில் அசையாமல் நின்று, சில இடங்களில் ஒரேயடியாக எழும்புகிறது. "இரண்டு ஒளியாண்டு கூட்டினேன், ஒன்றும் மாறவில்லை" என்பவரும், "அரை ஒளியாண்டு கூட்டினேன், உலகமே மாறிவிட்டது" என்பவரும் ஒருசேர உண்மை பேசக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கப்பலைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் தாவல் தொலைவு வரை ஒரு கோளம் வரைந்தால், அந்தக் கோளத்துக்குள் விழும் விண்மீன்கள்தான் அடுத்த தாவலுக்குரிய தெரிவுகள். கோளத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. ஆகவே விண்மீன்கள் ஓரளவு சமமாகப் பரவியிருக்கும் இடத்தில், 10 ஒளியாண்டு ரேஞ்சை 20 ஆக்கினால் எட்டக்கூடிய விண்மீன்கள் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ எட்டு மடங்காகின்றன.

தெரிவுகள் பெருகுவதால் என்ன நன்மை? ஆற்றையே பாருங்கள். அருகருகே உள்ள கற்களுக்கு மட்டும் தாவ முடிந்தவர் இடது பக்கம் போய், வலது பக்கம் திரும்பி, சில வேளைகளில் பின்னோக்கி வந்து, வளைந்து வளைந்துதான் போவார். நடுவில் கற்கள் அற்ற ஓர் இடைவெளி வந்தால் அவர் நிற்கும் கற்கூட்டம் ஒரு தீவாகிவிடும். அதற்குள் எத்தனை முறை தாவினாலும் வெளியேற முடியாது. நீண்ட தாவல் உடையவருக்குத் தீவுகள் ஒன்றோடொன்று இணைந்து, அக்கரைக்கு நேர்வழி கிடைக்கிறது. நம் சூரியனின் சுற்றுப்புறத்தில் விண்மீன்களுக்கு இடையிலான சராசரித் தொலைவு சுமார் 5 ஒளியாண்டு. தாவல் தொலைவு அந்தச் சராசரிக்கு அருகில் இருக்கும்வரை தீவுகளும் வளைவுகளும்தான் பயணத்தை ஆளும். அதைப் போல மூன்று மடங்கு ஆனபின் வழி ஏறக்குறைய நேராகிவிடும்.

2014-ஆம் ஆண்டு வெளிவந்த எலீட் டேஞ்சரஸ், நம் பால்வெளியை அதன் முழு அளவிலேயே, ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு, உருவாக்கிக் காட்டுகிறது. அதில் புதியவருக்குக் கிடைக்கும் சைட்விண்டர் கப்பல், தொடக்க நிலையில், ஏழரை ஒளியாண்டு அளவில்தான் தாவும். சராசரி இடைவெளிக்குச் சற்றே மேல் என்பதால் மேற்சொன்ன எல்லா இடர்களும் அதற்கு உண்டு. முதல் மேம்படுத்தல் அற்புதம் போலத் தோன்றுவதும் அதனால்தான். அதே விளையாட்டில் பால்வெளியின் சுருள்கைகளுக்கு இடைப்பட்ட பகுதியிலும், தட்டையான அதன் வட்டின் மேற்புறக் கீழ்ப்புற ஓரங்களிலும் விண்மீன்கள் வெகு தொலைவாகச் சிதறிக் கிடக்கின்றன. சூரியனின் அண்டையில் தாராளமாக இருந்த 20 ஒளியாண்டு, அங்கே மறுபடியும் முதல் நாளின் ஏழரையாகிவிடும்.

சுருக்கமாக: ரேஞ்ச் முதலில் தீர்மானிப்பது எவ்வளவு சீக்கிரம் போவோம் என்பதை அல்ல, போக முடியுமா முடியாதா என்பதை. அந்த எல்லை, நீங்கள் இருக்கும் இடத்தின் விண்மீன் அடர்த்தியைப் பொறுத்தது.

ஒவ்வொரு பத்து ஒளியாண்டும் ஒரே மதிப்புடையதன்று

வழி நேராகிவிட்ட பிறகு, கணக்கு வெறும் வகுத்தலாகிவிடுகிறது: மொத்தத் தூரத்தைத் தாவல் தொலைவால் வகுத்தால் தாவல்களின் எண்ணிக்கை. 1,000 ஒளியாண்டுப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரேஞ்ச் 10 என்றால் 100 தாவல்கள். அதை 20 ஆக்கினால் 50 தாவல்கள், மிச்சம் 50. இன்னொரு பத்தைக் கூட்டி 30 ஆக்கினால் 34 தாவல்கள், மிச்சம் 16. நாற்பதில் 25, ஐம்பதில் 20, அறுபதில் 17, எழுபதில் 15. கூட்டியது ஒவ்வொரு முறையும் அதே பத்துதான். மிச்சமோ 50, 16, 9, 5, 3, 2 என்று தேய்ந்துகொண்டே வருகிறது. ஆனால் விலை இதற்கு நேர்மாறாக ஏறும். முதல் பத்தைக் கடையில் வாங்கிவிடலாம். கடைசிப் பத்துக்கு அரிய பொருள்களைத் தேடி நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இதனால் ரேஞ்சைப் பற்றிய வாதங்களில் நான் முதலில் கேட்க விரும்புவது, "இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்ற கேள்வியைத்தான். எலீட் டேஞ்சரஸில் கார்டியன் ஃபிரேம் ஷிஃப்ட் பூஸ்டர் என்றொரு துணைக்கருவி உண்டு. அதன் மிகப் பெரிய வகை, எந்தக் கப்பலில் பொருத்தினாலும் 10.5 ஒளியாண்டைச் சேர்த்துத் தரும். 15 ஒளியாண்டு தாவும் கப்பலில் அதைப் பொருத்தினால் 25.5, நூற்றுக்கு எழுபது கூடுதல். ஏற்கெனவே 60 தாவும் கப்பலில் பொருத்தினால் 70.5, நூற்றுக்குப் பதினெட்டுகூட இல்லை. நீண்ட பயணக் கப்பலுக்குரிய கருவி என்று அதைப் பலர் ஒதுக்கி வைக்கிறார்கள். உண்மையில் அது மிகுதியாக மாற்றுவது கனத்த, குறுகத் தாவும் கப்பலைத்தான்.

தேய்ந்துகொண்டே போனாலும் மிச்சம் மிச்சமே என்பதையும் மறக்கக் கூடாது. பால்வெளியின் மையத்திலுள்ள சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளை, அந்த விளையாட்டில் சூரியனிலிருந்து சுமார் 25,900 ஒளியாண்டு. 60 ரேஞ்சில் 432 தாவல்கள், 70-இல் 370. ஒரு தாவலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 62 நிமிடம் மிச்சம், திரும்பி வருவதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 1,000 ஒளியாண்டில் வெறும் இரண்டு தாவலாகத் தெரிந்த அதே பத்து, இங்கே ஒரு மாலைப்பொழுதின் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே கூடுதல் ரேஞ்சின் மதிப்பு, இருக்கும் ரேஞ்சோடு நீங்கள் போக நினைக்கும் தூரத்தையும் சார்ந்தது.

சுமை ஏற்றியபின் உள்ள எண்

கடையில் கப்பலின் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் எண், பெரும்பாலும் வெறுங்கப்பலின் எண். எலீட் டேஞ்சரஸ், ஸ்டார்ஃபீல்டு இரண்டிலும் தாவல் தொலைவு கப்பலின் மொத்த எடையைச் சார்ந்தது. முன்னதில் அது ஏறத்தாழ எளிய தலைகீழ் விகிதம்: எடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, ரேஞ்ச் அத்தனை மடங்கு குறையும். 400 டன் எடையில் 30 ஒளியாண்டு தாவும் கப்பலில் 200 டன் சரக்கை ஏற்றினால், எடை ஒன்றரை மடங்காகிறது. ரேஞ்ச் 20-க்கு இறங்கிவிடுகிறது. கவசம், ஆயுதம், கூடுதல் எரிபொருள் எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது வரைபடத்தின் முன்னால் திகைத்து நின்ற ஒரு நாளில். கப்பல் காலியாக இருந்தபோது வழியைப் போட்டுப் பார்த்தேன். விற்க வேண்டிய நிலையம் வரை கோடு அழகாக நீண்டது. கையிலிருந்த பணம் முழுவதற்கும் சரக்கை வாங்கி ஏற்றிவிட்டு மறுபடி வரைபடத்தைத் திறந்தால், வழியே இல்லை என்று வந்தது. இலக்கை மாற்றி மாற்றி, ஒவ்வொரு விண்மீனாகத் தொட்டுப் பார்த்தேன். பாதி வழியில் இரண்டு விண்மீன்களுக்கு இடையே 24 ஒளியாண்டு இடைவெளி ஒன்று இருந்தது. காலியாக இருந்தபோது அது கண்ணிலேயே படவில்லை. சுமையோடு அது தாண்ட முடியாத பள்ளம். வெகுதூரம் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து வெறுங்கப்பலின் எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

இயக்கியை மேம்படுத்துவது என்றால் என்ன என்பதும் இங்கே விளங்கிவிடும். ஒவ்வோர் இயக்கிக்கும் உகந்த நிறை என்று ஓர் அளவு உண்டு; இயக்கி சிரமமின்றி இழுத்துச் செல்லக்கூடிய எடை என்று அதைக் கொள்ளலாம். எலீட் டேஞ்சரஸுக்குள் வரும் பொறியாளர்கள் தரும் உயர்ந்தபட்ச மேம்படுத்தல், இந்த உகந்த நிறையை நூற்றுக்கு ஐம்பத்தைந்து அளவுக்கு உயர்த்துகிறது. ரேஞ்சும் அதே விகிதத்தில் உயர்கிறது. அதாவது நம் சரக்குக் கப்பல், 200 டன்னைச் சுமந்தபடியே, முன்பு காலியாகத் தாவிய 30 ஒளியாண்டையும் சற்றுத் தாண்டித் தாவும். மேம்படுத்தலால் புதிய விண்மீனைப் பார்க்கப் போகாதவருக்கும், சுமையின் தண்டம் இல்லாமல் ஆகிறது. சரக்கு ஏற்றுபவர்களுக்கு ரேஞ்ச் தேவையில்லை என்ற பரவலான கருத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

ஒரே பலனைச் செலவின்றி அடையும் வழியும் உண்டு: தேவையற்றதைக் கழற்றிவிடுவது. சண்டை போடப் போகாத கப்பலில் கனமான கவசம் எதற்கு?

சுருக்கமாக: பார்க்க வேண்டியது சுமை ஏற்றிய நிலையிலுள்ள ரேஞ்சை. எடையைக் குறைப்பதும் ரேஞ்சைக் கூட்டுவதும் ஒன்றே.

எரிபொருள்: இரண்டு விளையாட்டு, இரண்டு நியாயம்

ரேஞ்ச் கூடினால் எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்பவர்களும், கூடுதலாகச் செலவாகும் என்று சொல்பவர்களும் உண்டு. எந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்காமல் இதற்கு விடையே சொல்ல முடியாது.

நோ மேன்ஸ் ஸ்கையில் ஒரு தாவலுக்கு ஆகும் எரிபொருள், தூரத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து விண்மீனுக்குப் போனாலும், எட்டக்கூடிய கடைசி விண்மீனுக்குப் போனாலும் அதே செலவு. ஆகவே அங்கே ரேஞ்சைக் கூட்டுவது எரிபொருளை நேரடியாக மிச்சப்படுத்துகிறது. அந்த விளையாட்டின் விண்மீன் திரள் மையத்துக்குப் பயணம் லட்சக்கணக்கான ஒளியாண்டு. அடிப்படை இயக்கியின் ரேஞ்ச் 100 ஒளியாண்டுதான் என்பதால், நீண்ட பயணம் போக நினைப்பவருக்கு அங்கே வேறு யோசனைக்கே இடமில்லை.

எலீட் டேஞ்சரஸில் நிலைமை தலைகீழ். தாவும் தூரம் கூடக் கூட, எரிபொருள் அதைவிட வேகமாகக் கூடுகிறது. நடுத்தரக் கப்பல்களில் உள்ள ஐந்தாம் அளவு இயக்கியில், தூரம் இரண்டு மடங்கானால் செலவு ஏறத்தாழ ஐந்தரை மடங்காகும். முழு ரேஞ்சான 30 ஒளியாண்டைத் தாவ 5 டன் செலவழிக்கும் கப்பல், அதில் பாதியான 15 ஒளியாண்டைத் தாவ ஒரு டன்னுக்கும் குறைவாகவே செலவழிக்கும். தொட்டியில் 32 டன் இருந்தால் முழுத் தாவல் ஆறு. மொத்தம் 180 ஒளியாண்டு. பாதிப் பாதியாகத் தாவினால் 34 தாவல். மொத்தம் 510 ஒளியாண்டு. தாவலைக் குறுக்கினால் பயணத் தொலைவு மூன்று மடங்காக நீள்கிறது. ஓடுவதைவிட நடந்தால் நெடுந்தூரம் போகலாம் என்ற அதே நியாயம். வரைபடத்தில் விரைவான வழி, சிக்கனமான வழி என்று இரண்டு தெரிவுகள் வைத்திருப்பதன் பொருளும் இதுதான்.

இப்படிச் சொன்னதும், அப்படியானால் நீண்ட தாவல் வீண்தானே என்று தோன்றலாம். அங்கே இன்னொரு கருவி குறுக்கே வந்து கணக்கை மாற்றுகிறது. எரிபொருள் அள்ளி, அதாவது ஃபியூவல் ஸ்கூப், விண்மீனின் அருகில் பறந்தபடியே அதிலிருந்து எரிபொருளை இலவசமாக எடுத்துக்கொள்ளும். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகை விண்மீன்களில் மட்டுமே இது பலிக்கும். பழுப்புக் குள்ளன்களிலோ வெண்குள்ளன்களிலோ ஒரு துளிகூடக் கிடைக்காது. அள்ளி உள்ள கப்பலுக்கு எரிபொருள் ஏறக்குறைய ஒரு பொருட்டே அல்ல. அள்ளி இல்லாமல் ரேஞ்சை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், ஆறாவது தாவலின் முடிவில் ஏதோ ஓர் இருண்ட விண்மீனின் அருகில் வெறும் தொட்டியோடு நிற்பார். இவ்வாறு நின்றுபோனவர்களைத் தேடிச் சென்று எரிபொருள் கொடுப்பதற்கென்றே ஃபியூவல் ராட்ஸ் என்ற விளையாடுவோர் குழு ஒன்று இயங்குகிறது என்றால், இந்தத் தவறு எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்டார்ஃபீல்டு நடுவழியைப் பிடிக்கிறது. அங்கே கிராவ் டிரைவ் ஒரு தாவலின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஹீலியம்-3 தொட்டியின் அளவு, ஒரே மூச்சில் போடும் வழியின் மொத்த நீளத்தைத் தீர்மானிக்கிறது. போய்ச் சேர்ந்ததும் தொட்டி தானே நிறைந்துவிடுவதால், பெரிய தொட்டி அங்கே வசதிதானே தவிரத் தேவை அல்ல. அந்த வரைபடத்தில் சில அமைப்புகள் மற்றவற்றிலிருந்து வெகு தொலைவில் தனித்திருப்பதால், அங்கே முதலில் கவனிக்க வேண்டியது இயக்கியைத்தான்.

ரேஞ்ச் திறக்காத பூட்டுகள்

எலீட் டேஞ்சரஸின் ஆல்ஃபா சென்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் என்றொரு நிலையம் இருக்கிறது. கப்பல் வந்து இறங்கும் விண்மீனிலிருந்து அந்த நிலையம் 0.22 ஒளியாண்டு தள்ளி, அதே அமைப்புக்குள் உள்ள இன்னொரு விண்மீனின் அருகே அமைந்திருக்கிறது. சூரியனிலிருந்து ஆல்ஃபா சென்டாரிக்கு 4.37 ஒளியாண்டு, ஒரே தாவல், ஒரு நிமிடம். மீதமுள்ள 0.22 ஒளியாண்டைப் விரைவூட்டும் வசதி இல்லாத பழைய வகை இயக்கியோடு பறந்து கடக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். ரேஞ்ச் 10 ஆக இருந்தாலும் 70 ஆக இருந்தாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நொடிகூடக் குறையாது, ஏனெனில் தாவல் விண்மீனில்தான் முடியும், நிலையத்தில் அல்ல.

இசைவாணை இன்னொரு பூட்டு. அதே விளையாட்டில் சோல் என்னும் நம் சூரியக் குடும்பத்துக்கும் சிரியஸுக்கும் போக அனுமதி பெற்றிருக்க வேண்டும். எட்டும் தூரத்தில் இருந்தும் அனுமதி இல்லையேல் இயக்கி இயங்காது. நோ மேன்ஸ் ஸ்கையில் இது நிறமாக வருகிறது. மஞ்சள் விண்மீன்களுக்கு அடிப்படை இயக்கி போதும். சிவப்பு, பச்சை, நீல விண்மீன்களுக்குக் கேட்மியம், எமெரில், இண்டியம் இயக்கிகள் என்ற கூடுதல் பாகங்கள் தேவை. பக்கத்திலேயே நீல விண்மீன் தெரிந்தும் போக முடியவில்லையே, ரேஞ்ச் போதவில்லை போலும் என்று நினைத்து, புதியவர்கள் தவறான பாகத்தை மேம்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

ஈவ் ஆன்லைனில் சாதாரணக் கப்பல்கள் பெரும்பாலும் நிலையான வாயில்கள் வழியாகவே அமைப்பு விட்டு அமைப்புக்குப் போகின்றன. அவற்றுக்கு ரேஞ்ச் என்ற பேச்சே இல்லை. பெருங்கப்பல்களுக்கும் வேறு சில சிறப்புக் கப்பல்களுக்கும் மட்டும் தாவல் இயக்கி உண்டு. நீண்ட தாவலுக்கு ஏற்பக் காத்திருப்பும் நீள வேண்டும் என்ற விதியை 2014-இல் கொண்டுவந்து, பெரிய படைகள் நொடியில் எங்கும் போய் இறங்குவதைக் கட்டுப்படுத்தினார்கள்.

யாருக்கு எவ்வளவு

சண்டையிடுபவர் பெரும்பாலும் ஒரு சில அமைப்புகளுக்குள்ளேயே இருப்பார். கவசத்தையும் ஆயுதத்தையும் கழற்றி ரேஞ்சைக் கூட்டுவது அவருக்குத் தற்கொலைக்குச் சமம். தன் வட்டாரத்தில் தீவாகிப்போகாத அளவுக்கு ரேஞ்ச் இருந்தால் போதும். சரக்கு ஏற்றுபவருக்கு, முழுச் சுமையோடு தன் வழக்கமான வழியை எத்தனை தாவலில் முடிக்கிறார் என்பதே கேள்வி. மூன்று தாவலை இரண்டாக்கும் மேம்படுத்தல் ஒவ்வொரு நடைக்கும் மூன்றில் ஒரு பங்கு தாவலை மிச்சப்படுத்தும். மூன்றை மூன்றாகவே விட்டுவைக்கும் மேம்படுத்தல் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அவருக்கு உதவாது.

அறியாத விண்மீன்களைத் தேடிப் போகிறவருக்கு ரேஞ்ச்தான் எல்லாம். ஆனால் அவருக்கும் அது நேரத்தை மிச்சம் பிடிக்கும் கருவி மட்டுமல்ல. எலீட் டேஞ்சரஸில் சூரியனிலிருந்து சுமார் 65,000 ஒளியாண்டில், பால்வெளியின் மறுகரையில், பீகிள் பாயிண்ட் என்ற விண்மீன் அமைப்பு இருக்கிறது. அதை நெருங்க நெருங்க விண்மீன்கள் அருகிப்போகும். போகும் வழியில் தாராளமாக இருந்த ரேஞ்ச், அங்கே ஒவ்வொரு தாவலையும் எண்ணிப் பார்க்க வைக்கும். நியூட்ரான் விண்மீன்கள், அதாவது பெரிய விண்மீன்கள் வெடித்தபின் எஞ்சும் அடர்ந்த கருக்கள், அடுத்த ஒரு தாவலை மட்டும் நான்கு மடங்காக்கித் தரும். ஆனால் அவை பீய்ச்சும் கற்றைக்குள் நுழைந்து வெளிவரும் ஒவ்வொரு முறையும் இயக்கி சிறிது சேதமடையும். அடர்ந்த பகுதிகளில் அவை பெரும் வரம். ஓரத்தில் அவற்றை நம்பிப் போக முடியாது. அங்கே கப்பலின் சொந்த ரேஞ்ச் ஒன்றே துணை.

பணத்தைச் செலவழிக்கும் முன்பு ஒரு சோதனை செய்து பாருங்கள். வரைபடத்தைத் திறந்து, வழக்கமாகப் போகும் இடத்துக்கும், போக ஆசைப்படும் மிகத் தொலைவான இடத்துக்கும் வழி போடுங்கள். எலீட் டேஞ்சரஸில் வழி போடும் பக்கத்திலேயே சரக்கின் எடையை ஏற்றி இறக்கிப் பார்க்க ஒரு நழுவுபட்டை உண்டு. அதை முழுச் சுமைக்கு நகர்த்திவிட்டுத் தாவல்களை எண்ணுங்கள். பிறகு சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எடை குறையும்போது ரேஞ்ச் கூடுவதால், மேம்படுத்தலை வாங்காமலே வாங்கியதுபோல் வரைபடம் காட்டும். எந்த இடத்தில் எண்ணிக்கை சட்டென்று இறங்குகிறதோ, அல்லது இல்லாத வழி திடீரென்று தோன்றுகிறதோ, அந்த ரேஞ்சைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்க வேண்டியது அதுவரைதான்.